வீட்டுக் கணக்கும் விடுதலையும்



நலமும் சிக்கனமும் மகிழ்ச்சியும் பொருந்திய இல்வாழ்க்கைக்குரிய அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் பேசுவோர் ஏழைகளை நோக்கி, ‘குறைவாக உண்ணுங்கள், குறைவாக உடுத்துங்கள்’ என்று அறிவுரை கூறிச் செல்வது வழக்கம். நான் அதைக் கூற வரவில்லை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வயிற்றைக் கட்டியது போதும். சோற்றிலும் கல்வியிலும் நமக்குச் சிக்கனம் ஆகாது. சிக்கனம் செய்ய வேண்டிய இடங்கள் வேறு.

நம் துறைமுகத்தில் இறங்கும் இறாலும் பெருமீன்களும் வெளியூர்களுக்குச் சென்றுவிடுகின்றன. அதனால் பெருங்குறை ஒன்றுமில்லை. விலை மலிந்த சூடையும் காரலும் நெத்திலியும் உடலை வளர்ப்பதில் அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. நெத்திலியை முள்ளோடு உண்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் கீரைக்குக் காசில்லை. அங்கன்வாடியின் சத்துமாவும் பள்ளியின் முட்டையும் பிச்சையல்ல. நம் வரிப்பணத்தில் வருபவை. அவற்றைக் கூசாமல் கேட்டுப் பெறுங்கள். ஆனால், மீன் குழம்பின் சட்டி ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுற்றி, அடியில் எஞ்சிய சாறு மட்டும் தாய்க்கு வரும் வழக்கம் எத்தனை வீடுகளில் உள்ளது! கருவுற்றவள் இரத்தச் சோகையால் வாடும் வீட்டில், எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தாலும் அது சிக்கனம் ஆகாது. எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, உள்ளதைப் பகிர்ந்து உண்ணுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால் தண்ணீரை நிறுத்திவிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும், அதே கரண்டியால் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காலந்தாழ்த்தாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

தூய்மையைப் பற்றி நமக்கு உபதேசம் செய்வோர் பலர். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. கை கழுவுவதும் நீரைக் காய்ச்சுவதும் நம் கடமை; அக்கடமையை நாம் செய்வோம். நல்ல நீரைக் கொடுப்பது அரசின் கடமை. முன்னதைச் செய்துவிட்டதால் பின்னதைக் கேட்காமல் இருந்துவிடலாகாது. தொட்டி கழுவிய தேதியை ஊராட்சியில் கேட்பதும் ஓர் அன்றாடப் பழக்கமாகட்டும்.

இனிப் பணத்திற்கு வருகிறேன். இக்கடற்கரையின் பணம் மாதச் சம்பளம்போல் சீராக வருவதன்று. விசைப்படகுகள் நாள்தோறும் கடலுக்குச் செல்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் என்பது முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு உரிமையாளருக்கே அது இறுக்கமான காலம் என்றால், ஐஸ் உடைத்தும் பெட்டி சுமந்தும் பிழைப்போரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வயற்கூலிக்கும் மழையை நம்பித்தான் வேலை. இத்தகைய வருவாயில் அடுப்பு அணையாமல் காக்க ஒரே வழி, வேலையுள்ள வாரத்திலேயே தடைக்காலத்திற்கென ஒரு பங்கை ஒதுக்குவது. அஞ்சலகத்திலோ மகளிர் குழுவிலோ போடுங்கள். கையில் வைத்தால் கரைந்துவிடும்.

ஒதுக்காத வீடு கடன் வாங்குகிறது. ஐந்து வட்டிக்கு இருபதாயிரம் வாங்கியவர் மாதம் ஆயிரம் கொடுக்கிறார். இருபது மாதத்தில் இருபதாயிரம் வட்டியாகவே போய்விடும்; முதல் அப்படியே நிற்கும். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கந்துவட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. எனினும் நிரப்பப்படாத புரோநோட்டில் கையெழுத்திடும் வழக்கம் தொடரும்வரை, அச்சட்டங்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரா. தொகையும் வட்டியும் தேதியும் எழுதப்படாத தாளில் எவருக்காகவும் கையெழுத்து இடாதீர்கள். உறவினருக்கு ஜாமீனாகவும் இடாதீர்கள்.

இக்கடன்களில் எத்தனை சோற்றுக்காக வாங்கியவை என்று எண்ணிப் பாருங்கள். பெண் பெரியவளானால் பந்தலும் பிளக்ஸ் பேனரும் வேண்டும். காதணி விழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டும். மொய் வரும் என்ற நம்பிக்கையில் செலவு செய்கிறோம். வந்த மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனே. நம்மைத் தாழ்வாய் நினைப்போர்முன் ஒரு நாளேனும் நிமிர்ந்து நிற்கும் ஆசை அதில் இருப்பதை நான் அறிவேன். ஆகவே அதை ஏளனம் செய்யமாட்டேன். ஆயினும் அந்த ஒரு நாளின் விலையைப் பல வீடுகளில் அந்தப் பெண்ணே கொடுக்கிறாள். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வளரிளம் பெண்கள், கல்யாணச் செலவுக்குத் தொகை கிடைக்குமென்று, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் நம் பிள்ளைகள் மிகுதி.

குடியைப் பற்றி நீண்ட சொற்பொழிவு வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 23,400 ரூபாய். அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

1942 ஜூலையில் நாகபுரியில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியது இவற்றையே. தூய்மை, தீய பழக்கங்களிலிருந்து விலகல், பிள்ளைகளின் கல்வி, திருமணத்தில் அவசரமின்மை ஆகியவற்றை வலியுறுத்தியதோடு, மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும் என்றார். அச்சமத்துவம் வீட்டில் தொடங்கும் இடம் கணக்கு நோட்டு என்பது என் எண்ணம். கணவனின் கூலி மனைவிக்குத் தெரியாமலும், மனைவியின் குழுக்கடன் கணவனுக்குத் தெரியாமலும் நடக்கும் குடும்பத்தில் சண்டை ஓயாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரவில் வரவு, செலவு, கடன் மூன்றையும் பிள்ளை எழுத, இருவரும் கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். கேலி பேசிய ஊர்களில், தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டும் பிள்ளையை ஏற்றிக்கொண்டும் அவர்கள் சென்றனர். பேருந்துக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. ஆணை எதிர்பார்க்காமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போக முடிந்தது. நான் அறிந்த சிக்கனங்களில் அது தலைசிறந்தது.

நிறைவாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தால் படித்து உயர்ந்த இளைஞர் இருவர், வாரத்தில் ஒரு மாலை, விளக்கேற்றும் நேரத்தில் இங்கு அமரட்டும். கடன் பத்திரமாயினும், வங்கிப் படிவமாயினும், கல்வி உதவித்தொகை விண்ணப்பமாயினும், கையெழுத்திடுமுன் நம் மக்கள் அதைக் கொண்டுவந்து படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். அதற்கொரு மேசையும் இரு நாற்காலியும் போதும். அதற்கு விழாக் குழுவினர் இன்றே நாள் குறிக்க வேண்டுகிறேன்.