இழுப்புக்குப் போடும் வெள்ளை மாத்திரை

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். டாக்டர் மாதிரி பேச வராது. எங்க மாமியாருக்கு ரொம்ப வருஷமா ஆஸ்துமா. அவங்களைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததில் கேட்டுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன்.

இழுப்பு, வீசிங்னு போய் நின்னா சில மெடிக்கலில் சின்னக் காகிதப் பொட்டலம் மடிச்சுத் தருவாங்க. அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும். ரெண்டு நாள் போட்டால் மூச்சு லேசாகும், நல்லா பசிக்கும், முட்டிவலிகூடக் குறையும். அது அநேகமாக ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன்னு அட்டையில் பேர் இருக்கும். உதிரியாகக் கத்தரிச்சுக் கொடுத்தால் பேரே தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது.

அந்த மாத்திரையே விஷம்னு நான் சொல்ல வரலை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் உள்பக்கம் வீங்கி, சளி கட்டி, காத்து போற வழி குறுகிடுது. அவசரத்துக்கு அடிக்கிற பம்பு வழியைத் திறந்து விடும், ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும். வீக்கத்தை வத்த வைக்கிறது ஸ்டீராய்டு. கடுமையாகத் திணறல் வந்தவங்களுக்கு டாக்டர் அதைப் பெரியவங்கன்னா 5 முதல் 7 நாள், பிள்ளைகள்னா 3 முதல் 5 நாள் கொடுப்பார். அது உயிரைக் காப்பாத்துற மருந்து. ஸ்டீராய்டுன்னு பயந்து அந்த அஞ்சு நாளைக்குப் போடாமல் விட்டாலும் ஆபத்துதான். இன்னொன்னு, அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். பேச முடியாமல் திணறும்போது மாத்திரையைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பம்பை அடிச்சுக்கிட்டே 108-ஐக் கூப்பிடணும்.

கெடுதல் எங்கே வருதுன்னா, அதையே வாராவாரம் வாங்கிப் போடும்போது. எங்க அத்தை நாலு வருஷம் அப்படித்தான் போட்டாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுது, பஸ்ஸுக்கு வேற காசு, இங்கே பத்து ரூபாயில் முடியுதுன்னு கணக்கு. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே. முகம் உருண்டையாகி, வயிறு பெருத்துச்சு. ஊரில் எல்லாரும், "மருமக நல்லா கவனிக்கிறா போல, உடம்பு தேறிடுச்சே"ன்னு சொன்னாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. தேறினது இல்லைங்க, அது மருந்து கொடுத்த ஊத்தம். அப்புறம் சர்க்கரை வந்துச்சு. கண்ணில் புரை விழுந்துச்சு. வாசப்படியில் லேசாகச் சறுக்கினதுக்கே மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. அதுக்கு நம்ம குழுவில்தான் உள்கடன் 15,000 ரூபாய் வாங்கினோம்.

யாரோ "ஸ்டீராய்டு சாப்பிடுறியா, சிறுநீரகம் போயிடும்"னு சொல்ல, அத்தை ஒரே நாளில் நிறுத்திட்டாங்க. மூணாம் நாள் வாந்தி, தலைசுத்தல், எழுந்திரிக்கவே முடியலை. அப்பத்தான் டாக்டர் விளக்கினார்: நம்ம உடம்பே தினம் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்குமாம். வெளியிலிருந்து ரொம்ப நாள் கொடுத்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திடுமாம். அதனால் மூணு வாரத்துக்கு மேல் போட்டவங்க திடீர்னு நிறுத்தவே கூடாது. திரும்ப ஆரம்பிச்சு, மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுத்தான் விட்டாங்க.

இப்ப அத்தைக்குத் தினமும் இழுக்கிற பம்பு கொடுத்திருக்காங்க. அதிலும் ஸ்டீராய்டு இருக்குதானேன்னு கேட்டேன். இருக்கு, ஆனால் ஒரு தடவைக்கு 200 மைக்ரோகிராம். திணறல் வந்தால் பெரியவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 200 மடங்கு! பம்பு மருந்து நேரா நெஞ்சுக்குப் போகுது, மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுத்துது. இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லைன்னா நாக்கில் வெள்ளை படியும். பம்பு பழக்கமாயிடும், பொண்ணு கையில் பம்பு இருந்தால் மாப்பிள்ளை வராதுன்னு மறைக்கிற வீடுகள் நம்ம ஊரிலேயே இருக்கு. அந்தப் பொண்ணுக்குத்தான் ராத்திரி ராத்திரி வெள்ளை மாத்திரை போகுது.

பிள்ளைகளுக்கு மான்டெலுகாஸ்ட்னு ஒரு மாத்திரை எழுதுவாங்க. அது ஸ்டீராய்டு இல்லை. நிறையப் பேருக்கு ஒத்துக்கும். ஆனால் பிள்ளை கெட்ட கனவு கண்டு அலறினாலோ, சுபாவமே மாறின மாதிரி தெரிஞ்சாலோ உடனே டாக்டரிடம் சொல்லணும். அதேபோல, ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரையே இழுப்பைக் கிளப்பிவிடும். மெடிக்கலில் "எனக்கு ஆஸ்துமா இருக்கு"ன்னு முதலிலேயே சொல்லிடுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு சுகாதார நர்ஸ் அக்கா வர்றாங்க. இழுப்பு இருக்கிறவங்க வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை, பொட்டலம் எல்லாத்தையும் கொண்டு வாங்க, என்ன மருந்துன்னு பார்த்துச் சொல்வாங்க. அதுவரைக்கும் தினம் போடுறவங்க நீங்களா நிறுத்த வேண்டாம்.