மருந்தும் குறிப்பேடும்



திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து மருந்தளித்துப் பேணுபவனையும் நான்காவதாக வைத்து எண்ணுகிறார். முதல் மூன்றும் எல்லார்க்கும் நினைவில் நிற்கும். நான்காவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த நான்காம் கூறு எத்துணைப் பெரிய பணியைச் செய்கிறது என்பதை, இதயத் தளர்ச்சிக்குத் தரப்படும் மருந்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லேன்; ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். எனினும் அளத்தலும் குறித்தலும் பற்றிய பேச்சில் ஓர் ஆசிரியனுக்கும் இடமுண்டு.

இதயத் தளர்ச்சி என்றவுடன் இதயம் நின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டா. உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைத்து அனுப்பும் இதயம், தன் வேலையைப் போதிய அளவு செய்ய இயலாமல் தளர்ந்திருக்கிறது என்பதே பொருள். சிறுநீரகத்திற்கு வரும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் போதவில்லை போலும் என்று கொண்டு, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. அந்நீர் கால்களில் தேங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். தேங்கிய நீரை வெளியேற்றத் தருவனவே சிறுநீர் பெருக்கும் மருந்துகள்.

இம்மருந்துகளின் வரலாறு, உற்று நோக்கியவர்களின் வரலாறாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் இருந்தார். உடலில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி அளித்துவந்த மூலிகைக் கலவை பற்றி, 1775ஆம் ஆண்டு அவரிடம் கருத்துக் கேட்டனர். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் அடங்கிய அக்கலவையில் வேலை செய்வது பாக்ஸ்குளோவ் என்னும் செடியே என்று அவர் கண்டுகொண்டார். பத்தாண்டுகள் நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1785இல் நூலாக வெளியிட்டார். குணமானவர்களை மட்டும் எழுதிக் குணமாகாதவர்களை மறைத்தாரல்லர், இரண்டையும் எழுதினார். அம்மருந்து சற்று மிகுந்தாலும் நஞ்சாகும். வாந்தி வரும், நாடி மிகவும் தளரும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும். ஆகவே, மருந்தின் செயல் தெரியத் தொடங்கியதுமே அதை நிறுத்த வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். அச்செயலை அறிய நோயாளியின் அருகில் ஒருவர் விழிப்போடு இருந்தாக வேண்டுமன்றோ?

இன்னொரு நிகழ்ச்சி 1919ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடந்தது. அங்கே ஆல்பிரட் வோகல் என்ற மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர், ஓர் இளம்பெண்ணுக்கு வேறொரு நோயின் பொருட்டுப் பாதரசம் கலந்த மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினார். அவளுடைய சிறுநீரின் அளவு நாள்தோறும் அளந்து குறிக்கப்பட்டு வந்தது. ஊசி போட்ட நாள்களில் அந்த அளவு மிகவும் உயர்ந்திருப்பதை மாணவர் கண்டார். பின்னர் இதய நோயால் நீர்கோத்தவர்க்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நீர் வடிந்தது. பாதரசத்தின் தீங்கு கருதி அவ்வகை மருந்துகள் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. 1950களின் இறுதியில் தயசைடு மருந்துகளும், 1960களில் பியூரோசெமைடும் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும், அளந்து எழுதும் வழக்கம் அந்த மருத்துவமனையில் இல்லாதிருந்தால், அந்த மாணவர் எதைக் கண்டிருக்க முடியும்?

இனி, இன்றைய செவிலியர் செய்வன யாவை என்று பார்ப்போம். விதரிங் ஆராய்ந்த மருந்தின் வழிவந்த டிஜாக்ஸின் முன்போல் எல்லார்க்கும் தரப்படுவதில்லை. தரப்படும் இடத்தில், அதைக் கொடுக்குமுன் செவிலியர் நோயாளியின் மார்பில் கேட்கும் குழலை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் இதயத்துடிப்பை எண்ணுவார். பெரியவர்களுக்கு அது 60க்குக் குறைந்திருந்தால், அவ்வேளை மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரைக் கேட்பார். பசியின்மையும் குமட்டலும் மஞ்சள் தோற்றமும் உண்டா என்று வினவுவார். சிறுநீர் பெருக்கும் மருந்தைப் பெரும்பாலும் காலையில் கொடுப்பார். மாலை கடந்து கொடுத்தால் நோயாளி இரவெல்லாம் எழுந்து நடக்க நேரும். உட்செல்லும் நீரையும் வெளிச்செல்லும் நீரையும் அளப்பார். முழங்காலின் கீழ் எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று நோக்குவார். படுக்கையிலிருந்து திடீரென எழுந்தால் தலை சுற்றும் என்பதால், சற்று உட்கார்ந்து பிறகு நிற்கச் சொல்வார்.

இவை அனைத்திலும் எளியது உடல் எடை பார்த்தல். காலையில் சிறுநீர் கழித்தபின், உணவு கொள்ளுமுன், ஒரே விதமான உடையில், ஒரே எடைக்கருவியில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கு இங்கே உயிர்காக்கும் கணக்காகிறது. மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அது பெரும்பாலும் சதையன்று, தேங்கிய நீர்.

என் தமக்கையார் இந்நோயுடையவர். நள்ளிரவில் மூச்சுத் திணறி இருமுறை மருத்துவமனையில் சேர்ந்து மீண்டவர். இரண்டாம் முறை வீடு திரும்பியபோது, அங்கிருந்த செவிலியர் ஒருவர் எடையைக் குறிக்கும் முறையை ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்குக் கற்றுக் கொடுத்தார். அவளும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தாள். ஒருநாள் 54.0 என்றிருந்த எடை, அடுத்தடுத்த நாள்களில் 54.6, 55.4, 56.3 என ஏறியது. “தாத்தா, அத்தைப் பாட்டி வழக்கம்போலத்தானே சாப்பிடுகிறார்கள்? மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி ஏறியது?” என்று என்னிடம் கேட்டாள். அப்போது கால் வீங்கவில்லை, மூச்சும் திணறவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, உணவைப் பற்றி விசாரித்தார். உறவினர் கொண்டுவந்த வடுமாங்காய் மூன்று நாளாகத் தயிர்ச்சோற்றோடு போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் மருந்தின் அளவைச் சில நாள்களுக்கு மாற்றித் தந்தார். எடை இறங்கியது, மூன்றாம் முறை மருத்துவமனைக்குப் போக நேரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பியூரோசெமைடு போன்ற மருந்துகள் நீரோடு பொட்டாசியம் என்னும் சத்தையும் வெளியேற்றும். அது குறைந்தால் தசை சோரும், இதயத்துடிப்பு தடுமாறும், டிஜாக்ஸினின் நச்சுத்தன்மையும் ஓங்கும். ஆகவே வாழைப்பழமும் இளநீரும் நல்லவை என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை உடலிலேயே தேக்கி வைக்கும். அவர்களுக்கு அதே இளநீர் தீங்காகலாம். சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றிலும் பொட்டாசியமே நிறைந்திருக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளுள் பல, உப்பையும் நீரையும் உடலில் தேக்குவன. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் நீர் மிகுதியாகக் குறைந்துவிடும். இவ்விடங்களிலெல்லாம் நாமே முடிவு செய்தல் தகாது. இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரே சொல்ல வேண்டும். நம் கடமை காண்பதும், குறிப்பதும், காலத்தில் சொல்வதும் ஆகும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆகலாம். சிலர் மருத்துவர் ஆகலாம். எப்பணிக்குச் சென்றாலும் உங்கள் இல்லங்களில் முதியோர் இருப்பர். அவர்கள் உண்ணும் மருந்தின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். அது எதற்காகத் தரப்பட்டது என்று மருத்துவரைக் கேளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பைப் பற்றி அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். காலையில் இரண்டு நிமிடம் செலவிட்டு எடையைக் குறித்து வையுங்கள். அன்பு இருந்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அன்போடு அளவறிந்த கவனமும் சேரும்போதுதான், வள்ளுவர் எண்ணிய அந்த நான்காம் கூறு நிறைவு பெறுகிறது.