ரிலே 'டிக்' என்றால் போதுமா?

வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தானே ஒரு காரைக் கட்டிக்கொள்வது இங்கிலாந்தில் நெடுநாளாக உள்ள வழக்கம். 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பலரும் உதிரிப் பாகங்களாகத்தான் வாங்கினார்கள். முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி அப்படி வாங்கினால் கிடையாது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று, கார் கட்டும் ஆசை போகவில்லை. இப்படிக் கட்டிய காரில் எஞ்சின் ஓடும், பிரேக் பிடிக்கும், விளக்கெல்லாம் எரியும். ஹாரன் மட்டும் அடம்பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் ரிலே 'டிக்' என்கிறது, ஆனால் ஹாரன் ஊமை. அல்லது சளி கட்டிய தொண்டைபோல ஒரு முனகல். பழி முதலில் ரிலேமேல் விழும், அடுத்து ஹாரன்மேல். இரண்டையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் வேறு என்பதுதான் என் கட்சி. ஹாரனிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் திரும்பி வரும் வழி, அதாவது எர்த்து, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரிலே என்பது ஒரே டப்பிக்குள் இரண்டு மின்சுற்று. அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 85, 86 என்ற இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச்சுருள். அதன் மின்தடை சுமார் 80 ஓம், அதில் ஓடுவது 0.15 ஆம்பியர் மட்டுமே. 30இல் பேட்டரி மின்சாரம் வந்து நிற்கும். சுருள் காந்தமாகி இழுத்ததும் அது 87 வழியாக ஹாரனுக்குப் போகும். ஹாரன் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர் வேண்டும், ஜோடியாகப் போட்டால் 10. காதில் விழும் அந்த 'டிக்', சின்ன மின்சுற்று வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பெரிய மின்சுற்றைப் பற்றி அது வாயே திறக்காது. எங்கோ ஒரு துருப்பிடித்த போல்ட்டில் 1 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுருளின் வழியில் இருந்தால் 80 ஓமோடு இன்னொரு ஓம், ரிலே அதைக் கண்டுகொள்ளாமல் இழுக்கும். அதே 1 ஓம் ஹாரனின் வழியில் இருந்தால்? 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஹாரனின் தடை 2.4 ஓம்தான். மொத்தம் 3.4 ஓம் ஆகிவிட, மின்சாரம் மூன்றரை ஆம்பியராகக் குறைகிறது, ஹாரனுக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட். (ஹாரனுக்குள் காந்தச் சுருளும் நொடிக்குப் பல நூறு முறை தொட்டு விலகும் முனைகளும் உண்டு என்பதால் இது தோராயக் கணக்குதான்.) அந்த எட்டரை வோல்ட்டில் முனகல் வந்தாலே பெரிது.

"மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, ஹாரன் வரைக்கும் 12 வோல்ட் வருகிறதே" என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. ஹாரனைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால், மீட்டர் இழுக்கும் மின்சாரம் இல்லையென்றே சொல்லலாம். ஓட்டமே இல்லாத இடத்தில் தடை எப்படித் தெரியும்? குழாய் அடைத்திருப்பது தண்ணீரைத் திறந்துவிட்டால்தானே தெரியும்! மீட்டருக்குப் பதிலாக இன்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை வைத்துப் பாருங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எர்த்து கெட்டிருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பெனிக் காரிலும் எர்த்து கெடும், வீட்டில் கட்டிய காருக்கு மட்டும் என்ன தனி வம்பு என்று கேட்கலாம். கம்பெனிக் காரில் இரும்பு உடம்பே திரும்பும் வழி. உதிரிப் பாகங்களாக வாங்கிக் கட்டும் கிட் கார்கள் பலவற்றில் முன்மூக்கும் மட்கார்டும் ஃபைபர் கிளாஸ். அதில் ஹாரனைப் பொருத்தினால், தன் தாங்கி வழியாகவே எர்த்து எடுக்கும் ஒற்றை ஒயர் ஹாரன் அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான். இரும்புச் சட்டத்திலேயே பொருத்தினாலும் அழகுக்காகப் பூசிய பவுடர் கோட்டிங் மின்சாரத்தை விடாது. ஸ்டீயரிங்கிலும் ஒரு கண்ணி உண்டு. பல கார்களில் ஹாரன் பொத்தான் செய்வது சுருளுக்கு எர்த்து கொடுக்கும் வேலை. அந்த எர்த்து ஸ்டீயரிங் தண்டு வழியாக வருகிற அமைப்பில், தண்டின் நடுவே ரப்பர் இணைப்பும் நைலான் புஷ்ஷும் போட்டுவிட்டால் வழி அறுந்துபோகும். அப்போது 'டிக்'கூடக் கேட்காது, ரிலே செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். ரப்பர் இணைப்பைத் தாண்டி ஒரு துண்டு ஒயர் போட்டால் தீர்கிற சங்கதி அது.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ரிலே மலிவுதானே, மாற்றிப் பார்த்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. அதே வகை ரிலே ஹெட்லைட்டுக்கும் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை, காசும் செலவில்லை. ஆனால் புது ரிலே போட்டு ஹாரன் அடித்துவிட்டால் பழையது கெட்டது என்று தீர்ப்பெழுதக் கூடாது. பிடுங்கிச் செருகும்போதே சாக்கெட்டில் இருந்த களிம்பு உரசிப் போயிருக்கும், மழைக்காலம் வந்தால் ஹாரன் மறுபடி ஊமையாகும். ரிலே கெடுவதே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. அதன் முனைகள் கருகும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்ற காலில் ஒயரை மாற்றிச் செருகினாலோ, பேட்டரியை இணைத்ததும் ஹாரன் தானே அலறும். அது வேறு வகைக் கோளாறு, கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

ஆகவே ஹாரனை மாட்டியபடியே வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் துருவத்திலும், சிவப்பு முனையை ஹாரனின் எர்த்து முனையிலும் வைத்து, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த்து சுத்தம். அடுத்து ரிலேயின் 30, 87 கால்களுக்கு நடுவே அதே மாதிரி அளக்கலாம். இரண்டில் எங்கே மூன்று, நான்கு வோல்ட் காட்டினாலும் அவ்வளவும் அந்த வழியிலேயே தின்னப்படுகிறது என்று பொருள். எர்த்தில் என்றால், பூச்சை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பில் எர்த்து ஒயரின் நுனியில் உள்ள லக்கை இறுக்குங்கள். ஃபைபர் உடம்பானால் ஹாரனிலிருந்து சட்டத்துக்குத் தடித்த ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். புது ரிலேக்குக் கடைக்குப் போவதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.