இழைக்குக் கிடைத்த கவனம்

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்து உறவுகளே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கடையை அடைக்காமல் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருப்பவர்களே!

பிறரிடம் கடுமையாக நடந்துகொள்ளும் பழக்கத்தை விழிப்புணர்வால் வெல்வது எப்படி என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் கண்ணை மூடுங்கள், மூச்சை இழுங்கள் என்றுதான் தொடங்குவார்கள். இப்போது அதற்கு மணி அடித்து நினைவூட்டும் செயலிகள் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. நான் கண்ணை மூடச் சொல்லப் போவதில்லை. கவனம் என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை.

தறிக்குழியில் உட்கார்ந்தவரைப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அதில் ஒன்று அறுந்தால் போதும், அவர் கை நின்றுவிடும். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், தெருவில் சாமி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். எதுவும் அவர் காதில் விழாது. குனிந்து, அறுந்த நுனி இரண்டையும் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முறுக்கி இணைத்துவிட்டுத்தான் மறுபடி மிதியில் கால் வைப்பார். தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழைக்கு அவ்வளவு மரியாதை!

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடவேண்டும். இரண்டு பக்கத்துக் கரைக்கும் ஒருவர் கை எட்டாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போடவேண்டும். அந்த இன்னொருவர் இடத்தில் இந்த ஊரில் நெடுங்காலம் இருந்தது ஒரு குழந்தை. ஆறு வயது, ஏழு வயது, எட்டு வயது. அப்பாவோ அம்மாவோ வாங்கிய முன்பணம் கழியும் வரை அந்தப் பிள்ளைக்கு அந்த இடம்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் அப்போதும் நம் ஊர்ப் பெயர் இருந்தது.

நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அந்தத் தறிக்காரரே முதலாளியிடம் கடன்பட்டவர். அவரும் ஒரு காலத்தில் அதே பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிப் போட்ட பிள்ளைதான். வீட்டில் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் துடித்துப் போகிறவர். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. ஆனால் இழை அறுந்தால் அந்தக் கணமே கண்டுபிடித்த அதே கண்ணுக்கு, ஒரு முழத் தூரத்தில் தூங்கி விழுந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை. நாடா தாமதமானது மட்டும் தெரிந்தது, தலையில் ஒரு குட்டு விழுந்தது.

என்னுடைய வாதம் இவ்வளவுதான்: நமக்குக் கவனத்துக்குப் பஞ்சமே இல்லை. அது எதன்மேல் விழுகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை. வெறுத்துக் கொடுமை செய்கிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் செய்யும் கொடுமையெல்லாம் எதிரே இருக்கிற ஆளை ஒரு கையாக மட்டும் பார்ப்பதால் வருகிறது. நாடா போடும் கை, இலை போடும் கை, புடவை மடிக்கும் கை!

இதைச் சரிசெய்ய வழி கேட்டு இமயமலைக்கு யாரும் போகவேண்டாம். வழி சொன்னவர் இந்த ஊரில் தங்கியிருந்தவர். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் துறவி புத்தகோசர். காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரரோடு தாம் வாழ்ந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் அவரே குறித்து வைத்திருக்கிறார். பிறகு இலங்கையில், அனுராதபுரத்து மகாவிகாரையில், விசுத்தி மார்க்கம் என்ற நூலை எழுதினார். அவருக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாகச் சொல்கிறார். அந்தக் காஞ்சியில் இன்று மிச்சம் என்ன? காமாட்சியம்மன் கோயிலில் நின்றுகொண்டிருந்த புத்தர் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்னொரு புத்தரைச் சிவகாஞ்சி காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். கோபத்தோடு புகார் கொடுக்க வருகிறவர்கள் இருக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்.

விசுத்தி மார்க்கத்தில் அன்பைப் பயிலும் முறைக்கு ஓர் அத்தியாயம். அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, அந்த மனிதர் நம்மைப் பெரிய மகானாக எண்ணி ஏமாறவில்லை என்பதுதான். எடுத்த எடுப்பிலேயே பகைவனை நேசி என்று அவர் சொல்லவில்லை. முடியாது, அவனை நினைத்தாலே கோபம்தான் வரும் என்கிறார். முதலில் உன்னிடமிருந்து தொடங்கு. உனக்குச் சுகம் வேண்டியிருக்கிறது அல்லவா, அதை நன்றாகத் தெரிந்துகொள். பிறகு நீ மதிக்கும் ஒருவர், பிறகு நெருங்கியவர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர். பகைவன் அதற்கெல்லாம் பிறகு.

பகைவனிடம் வரும்போது மனம் முரண்டு பிடிக்கும். அப்போதும் அவர் திட்டுவதில்லை, ஒன்று பலிக்காவிட்டால் அடுத்த மருந்தைக் கொடுக்கிறார். அவன் பேச்சு மோசமா? நடத்தையில் நல்லது இருக்கிறதா என்று பார். நடத்தை மோசமா? பேச்சில் தேடு. எதிலுமே ஒன்றும் இல்லையா? அப்படியானால் அவன் பாவம், இரக்கப்படு. கோபப்படுகிறவன் பிறர்மேல் எறிய நெருப்புக் கங்கைக் கையில் எடுத்தவன், முதலில் வேகிற கை யாருடையது என்று கேட்கிறார். அதுவும் பலிக்கவில்லையா? சரி, உனக்கு யார்மேல் கோபம், அவன் தலைமுடி மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா, எலும்பின் மேலா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறார். மாமியார் மேல் கோபமாக இருக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நகத்துக்கு வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். ஒன்றுமே வேலை செய்யாவிட்டால் கடைசி மருந்து, எதையாவது கொண்டுபோய்க் கொடு, அல்லது அவனிடம் எதையாவது வாங்கிக்கொள். பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டுக்கு வரதராஜர் கோயில் குடலை இட்லியில் ஒரு துண்டு அனுப்புவது பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய சிகிச்சை என்று உங்களுக்குத் தெரியுமா?

இதற்கெல்லாம் மேலே ஒரு பரீட்சை வைக்கிறார். நீ, உன் நண்பன், நடுநிலையான ஒருவன், பகைவன் நாலு பேரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க உங்களில் ஒருவன் வேண்டும் என்கிறார்கள். பகைவனைக் காட்டினால் நீ தேறவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். என்னை எடுத்துக்கொள், மற்றவரை விடு என்று சொன்னால்? அப்போதும் தேறவில்லை என்கிறார்! ஒருவரையும் விட்டுக்கொடுக்க உன் மனம் ஒப்பவில்லை என்றால்தான் உனக்கும் அவர்களுக்கும் நடுவிலிருந்த சுவர் இடிந்தது என்று கணக்கு. தியாகத்தைக் கொண்டாடியே பழகிய நமக்கு இது தூக்கிவாரிப் போடும். வீட்டுக்காக ஓடாய்த் தேய்ந்த அம்மாக்களை மேடையில் புகழ்கிறோம். புத்தகோசர் கணக்கில் அந்தப் பட்டியலில் அம்மாவையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பௌத்தம் பேசினாய், வைணவம் எங்கே என்று சின்னக் காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்கிறார். வருகிறேன். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வரதராஜருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகளை இராமானுசர் தம் வீட்டுக்கு உணவருந்த அழைத்தார். நம்பிகள் பிறப்பால் அந்தணர் அல்லர். இராமானுசர் அவரைத் தேடி ஒரு தெருவில் போக, அவர் வேறு தெரு வழியாக வந்து, உண்டு, கோயில் பணிக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். வீட்டு அம்மையார் தஞ்சமாம்பாள் இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தை மெழுகி, தலைக்குக் குளித்து, மறுபடி உலை வைத்தார். திரும்பி வந்த இராமானுசர் அதைப் பார்த்து மனம் நொந்தார்.

எத்தனையோ உபன்யாசத்தில் கேட்டிருப்பீர்கள், அந்த அம்மையாரைக் குறை சொல்லி முடிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் பரிமாறிய கை சரியாகத்தான் பரிமாறியது. கோலை எடுத்த கை அவருடையதே இல்லை, ஊர் பழக்கிய கை. சின்ன வயதிலிருந்து அவர் பார்த்ததை அவர் செய்தார். அந்தக் கோலை எடுக்கும்போது, என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம் என்று ஒரு நொடி நிற்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பின்னால் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு இராமானுசர் துறவு பூண்டார், உலகத்துக்கு ஓர் ஆசாரியர் கிடைத்தார். தஞ்சமாம்பாள் என்ன ஆனார் என்று கேட்கத்தான் நம்மில் ஆளில்லை. ஆசாரியரின் பெருமைக்கு இதனால் குறைவு வராது என்று நம்பித்தான் கேட்கிறேன்.

பழங்கதை போதும். தறியில் குழந்தைகள் உட்கார்வது இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம், சோதனை, தொண்டு நிறுவனங்கள், ஒரகடத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் அதற்குக் காரணம். நம் மனம் திருந்தியதும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. மனம் திருந்தியதா என்று பார்க்க ஆசைப்பட்டால், முகூர்த்த நாளுக்கு முன்னால் காந்தி சாலையில் ஏதாவது ஒரு பட்டுக்கடைக்குள் போய் நில்லுங்கள்.

பாய் விரித்திருக்கும். கல்யாண வீட்டார் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே இருபது வயதுப் பெண் ஒருத்தி புடவையை உதறி விரிப்பாள், முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவாள். அரக்கு வேண்டாம், அந்த மயில்கழுத்து, அதில்லை, அதுக்குக் கீழே, கரை இன்னும் பெரிசா. அவள் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, விரலால் புடவையைத்தான் சுட்டுகிறோம். நாற்பது புடவை மலையாய்க் குவிந்த பிறகு, "பக்கத்துக் கடையையும் ஒரு பார்வை பார்த்துட்டு வரோம்" என்று எழுந்து போகிறோம். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. லட்ச ரூபாய் பண்டம், பத்துக் கடை ஏறி இறங்குவது நியாயம். எழுந்திருக்கும்போது அந்தப் பெண்ணிடம் "சிரமம் கொடுத்துட்டோம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாம் போன பிறகு அத்தனையையும் பழைய மடிப்பு மாறாமல் மடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

காலையிலிருந்து நின்ற காலோடுதான் மடிப்பாள். ஜவுளிக்கடைப் பணியாளர்களின் பாட்டைச் சொன்ன வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010-இல் வந்தபோது தியேட்டரில் அழுதோம், வெளியே வந்து அதே தெருவில் ஜவுளி எடுத்தோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள், கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்கவேண்டும் என்றது. ஒரு மனுஷிக்குக் கால் வலிக்கும் என்பதைக் கண்டுகொள்ள நமக்கு ஒரு சட்டமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். முன்வரிசையில் இருக்கும் கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் விற்பனைத் தளத்தில் ஸ்டூல் எத்தனை கிடக்கிறது, கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று அந்தப் பெண்களிடம் சொல்லியாயிற்றா? இங்கே பதில் சொல்ல வேண்டாம். நாளைக்குக் கடை திறக்கும்போது அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.