வயலில் வரும் நெஞ்சுநோயும் சட்டத்தின் மௌனமும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தொழிலால் வரும் நெஞ்சுநோய்களைப் பற்றிப் பேசுவோர் சுரங்கத்தையும் கல்லுடைக்கும் ஆலையையுமே சுட்டுவர். அது தவறன்று. கல்லின் நுண்தூசி நுரையீரலிற் படிந்து அதன் காவலைச் சிதைத்துச் சயரோகக் கிருமிக்கு வழி திறந்துவிடுகின்றது. தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களில் இவ்வாறு நலிந்த தொழிலாளருக்கு ஏறத்தாழ 500 கோடி ராண்ட் நட்டஈடு வழங்கும் உடன்பாட்டை 2019இல் அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றது. அவர்களுக்கு எதிரே நிறுத்த ஒரு முதலாளியேனும் இருந்தான். சேற்றில் நிற்கும் உழவனுக்கு எதிர்வாதி யார்?

நமது மண்ணிலும் ஒரு கிருமி வாழ்கின்றது. மெலியோய்டோசிஸ் என்பது அந்நோயின் பெயர். இரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும் 1912இல் அதனை விவரித்தனர். 1927இல் இலங்கையிலும் அது கண்டறியப்பட்டது. ஈர மண்ணிலும் வயல் நீரிலும் உறையும் இக்கிருமி, காலிலுள்ள புண்ணின் வழியாகவும், காற்றோடு வீசும் மழைத் திவலையின் வழியாகவும் உடலிற் புகும். மாரி பெய்யுங் காலத்திலேயே நோய் மிகுகின்றது. அதுவே நாம் வயலில் இறங்குங் காலம். நீரிழிவு உள்ளோரை இது எளிதில் வீழ்த்தும்.

நெஞ்சைப் பற்றினால் காய்ச்சலும் இருமலும் காணும். சயரோகமென மயங்கவும் இடமுண்டு. வழக்கமான மருந்துகள் பல இதற்குப் பயன்படா. கிருமி வளர்ப்புச் சோதனையால் உறுதி செய்து, நாளத்தின் வழியே குறைந்தது இரு வாரமளவில் மருந்தேற்றி, அதன்பின் மூன்று மாதம் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றோட்டத்தையும் தூசியையும் பற்றிப் பேசுகின்றது. ஆனால் வயல் தொழிற்சாலையன்று. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கூலியாளுக்கு உரியது. தன் நிலத்தைத் தானே உழுபவனுக்கு அன்று. கூலிக்கு இறங்கியவனும் நோய் வேலையால் வந்தது என்று காட்டல் வேண்டும். நோயின் பெயரே எழுதப்படாதவிடத்து எதனைக் காட்டுவது? வைத்தியசாலைச் சீட்டில் எழுதப்படும் ஒரு சொல்லே உரிமையின் முதற்படி என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

உலகம் இதனை உணரத் தொடங்கிவிட்டது. சர்வதேசத் தொழில் தாபனம் 2025 ஜூன் மாதத்தில் வேலையிடத்து உயிரியல் ஆபத்துக்கள் பற்றிய 192ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதன் நெறி இந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். வயலையும் அது தழுவல் வேண்டும். நெற்செய்கை மாவட்டங்களின் வைத்தியசாலைகள் அனைத்திலும் இச்சோதனைக்கு வசதி வேண்டும். இவ்விரண்டையும் நாம் கோருகின்றோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை வாளாவிருத்தல் தகாது. காலில் புண்ணுள்ளவர் அதனை மூடாது சேற்றில் இறங்க வேண்டாம். இயன்றவர் நீர்புகாச் சப்பாத்து அணிக. காய்ச்சல் நீடித்தால் வைத்தியரிடம் முதலில் “நான் வயலில் வேலை செய்பவன்” என்று சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் அதனையும் சொல்லுங்கள். இங்குள்ள வைத்தியர்களும் ஆசிரியர்களும் இச்செய்தியைக் கிராமந்தோறும் கொண்டுசெல்வார்களாக. ஊருக்குச் சோறிடுபவன் தன் நோயின் பெயரறியாது மாளும் நிலை இனித் தொடரலாகாது.