மூன்று விண்ணப்பங்கள்

எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர் அனைவரும் காரியாலயம் சென்று வருவோர் அல்லர். வீட்டின் ஒரு மூலையில் மேசையொன்றை இட்டு, ஒருவருக்கு மொழிபெயர்ப்பும், இன்னொருவருக்கு ஆராய்ச்சிக் குறிப்பும், வேறொருவருக்கு அச்சுப்படி திருத்தமும் செய்து கொடுத்துச் சீவனம் நடத்துவோர் பல நாடுகளிலும் இருந்து வந்திருக்கின்றனர். இளைப்பாறிய ஆசிரியர், குழந்தைகளை விட்டு வெளியே செல்ல இயலாத தாய், பட்டம் பெற்றும் உத்தியோகம் கிட்டாத இளைஞர், உடற்குறை காரணமாகப் பிறர் நடுவே பணிபுரிய முடியாதவர் எனப் பலரும் இவ்வழியை நாடுகின்றனர். இவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரு கடிதம் எழுதியே ஆகவேண்டும். முன்பின் அறியாத ஒருவரிடம் வேலை கேட்கும் கடிதம் அது. அதில் எதைச் சொல்வது? எதைச் சொல்லாது விடுவது? தாழ்ந்து கேட்பதா, நிமிர்ந்து கேட்பதா?

இவ்வினாக்களுக்கு விடை காண, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் வரலாறு பெரிதும் உதவும். ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன் என்பவரே அவர். அவர் இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய எழுத்துப் பணியைக் கேட்டு வெவ்வேறு காலங்களில் எழுதிய மூன்று விண்ணப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினால், ஒரு மனிதர் வேலை கேட்கும் கலையை எவ்வாறு கற்றுக்கொண்டார் என்பது தெளிவாகும்.

ஜோன்சன் 1709 ஆம் ஆண்டில் லிச்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் புத்தக வியாபாரி. நூல்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குக் கல்வி கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிற் சேர்ந்தவர், பணமின்மையால் பட்டம் பெறாமலே திரும்பினார். கண்பார்வை குன்றியிருந்தது. முகமும் கைகால்களும் தாமாகவே துடிக்கும் நோயும் இருந்தது. 1735 இல் ஒரு பாடசாலையின் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் ஆராயப்பட்டபோது, அத்துடிப்பைக் கண்டு மாணவர் கெடுவர் என்று அஞ்சியும் நிர்வாகத்தினர் அவரை ஒதுக்கினர். ஆகவே, வீட்டிலிருந்து எழுதுவது அவருக்கு விருப்பம் மாத்திரமன்று. வேறு கதவுகள் அடைபட்டபின் எஞ்சிய வழியும் அதுவே.

அவருடைய முதற் பெரும் எழுத்து வேலை பேர்மிங்காம் நகரிற் கிடைத்தது. அபிசீனியாவுக்குச் சென்ற பாதிரியார் ஒருவரின் பயண நூலைப் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்தில் ஆக்கித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. வேலை தொடங்கியது, இடையில் சோம்பலும் மனச்சோர்வும் வந்து புகுந்தன, வேலை நின்றது. அச்சுக்காரரோ இதை முடிக்காமல் வேறு வேலையை எடுக்க இயலாது தவித்தார். அவருடைய குடும்பம் படும் துன்பத்தை நண்பர் ஒருவர் எடுத்துரைத்த பின்னரே, ஜோன்சன் படுக்கையிற் படுத்தபடி வாயாற் சொல்ல, அந்நண்பர் எழுதி முடித்தார். கிடைத்த ஊதியம் 5 கினி. ஒரு கினி என்பது ஒரு பவுணும் ஒரு ஷிலிங்கும் ஆகும். வீட்டிலிருந்து எழுதுபவரை மேற்பார்வை செய்ய எவரும் இல்லை. ஆனால் அவர் தாமதித்தால் எங்கோ ஓர் அடுப்பு எரியாது போகலாம். இவ்வுண்மையை அவர் இளமையிலேயே அறிய நேர்ந்தது.

இனி முதல் விண்ணப்பத்தைப் பார்ப்போம். இலண்டனில் எட்வேர்ட் கேவ் என்பவர் 1731 இல் 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கியிருந்தார். 1734 நவம்பர் 25 ஆம் தேதி, இருபத்தைந்து வயதினரான ஜோன்சன் பேர்மிங்காமிலிருந்து அவருக்கு எழுதினார். அக்கடிதம் எவ்வாறு தொடங்குகிறது தெரியுமா? சஞ்சிகையின் கவிதைப் பகுதியில் உள்ள குறைகளைச் சுட்டிக்கொண்டே தொடங்குகிறது. பின்னர், நியாயமான ஊதியத்துக்கு இடையிடையே ஒரு பத்தியை நிரப்பித் தரவல்ல ஒருவர் இருக்கிறார் என்கிறது. அவர் கவிதையும் தருவார். இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிறு கட்டுரைகளும் தருவார். பழைய புலவரையும் புதிய புலவரையும் பற்றிய குறிப்புகளும் தருவார். மறக்கப்பட்ட பாடல்களையும் தேடித் தருவார். சம்மதமானால் இரண்டு தபாலுக்குள் நிபந்தனைகளைத் தெரிவிக்கவேண்டும். மறுமொழியை அனுப்பவேண்டிய பெயர் மாத்திரம் ஜோன்சன் அன்று, 'எஸ். சிமித்'.

டிசம்பர் 2 ஆம் தேதி மறுமொழி எழுதியதாகக் கேவ் அக்கடிதத்திற் குறித்து வைத்தார். ஆனால் ஜோன்சனின் வாழ்க்கைப் போக்கு அதனால் மாறவில்லை. அடுத்த ஆண்டில் அவர் திருமணம் செய்துகொண்டார். மனைவியின் பணத்தைக் கொண்டு ஒரு பள்ளிக்கூடமும் நடத்திப் பார்த்தார்.

இக்கடிதத்தில் அறிவுக்குக் குறைவில்லை. இருந்தும், வேலை கொடுப்பவரின் நாற்காலியில் அமர்ந்து இதைப் படித்தால் குறை புலப்படும். எல்லாம் செய்வேன் என்பவர் எதைச் செய்து காட்டியிருக்கிறார் என்று அதிற் சொல்லப்படவில்லை. மாதிரி ஒன்றும் இணைக்கப்படவில்லை. முன்னர் மொழிபெயர்த்த நூலைப் பற்றிய பேச்சும் இல்லை. பெயரையே மறைத்த ஒருவரை நம்பிப் பத்தியை ஒதுக்குவது எங்ஙனம்? கேட்பவருக்குக் கூச்சம் மிகுந்தபோது, அது சில வேளைகளில் இறுமாப்பின் உடையை அணிந்து வெளிவருகிறது. ஏழ்மையும் தன்மானமும் ஒருங்கே உள்ளவர்களுக்கு இது எளிதில் நேரும் தவறு.

பள்ளிக்கூடத்துக்கு மாணவர் ஒரு சிலரே வந்தனர். அது மூடப்பட்டது. 1737 இல், பின்னாளிற் பெரும் நடிகராக விளங்கிய டேவிட் கரிக் என்னும் மாணவருடன் ஜோன்சன் இலண்டன் சென்றார். அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கிறீனிச்சிலிருந்து அதே கேவுக்கு இரண்டாவது விண்ணப்பத்தை எழுதினார். இம்முறை பல பொருள்களை அடுக்கவில்லை; ஒரே பொருளை எடுத்துக்கொண்டார். திரெந்துச் சங்கத்தின் வரலாற்றை இத்தாலி நாட்டுச் சார்பி எழுதியிருந்தார். அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு விரிவான குறிப்புகளுடன் அண்மையில் வெளிவந்து நல்வரவேற்புப் பெற்றிருந்தது. முன்னர் இருந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் நடை குறையுடையது. ஆதலால் குறிப்புகளுடன் கூடிய புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியிடுவோருக்குப் பயன்தரும் என்று காரணம் காட்டினார். கடிதத்தின் அடியிற் சொந்தப் பெயரையே இட்டார்.

முதற் கடிதம் தம்மாற் செய்யக்கூடியவற்றைச் சொன்னது. இரண்டாவது கடிதம் மற்றவருக்கு வேண்டியதைச் சொன்னது. 1738 இல் வேலை தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் அடுத்த ஏப்ரல் வரை, ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் கினிகளாக, மொத்தம் 49 பவுண் 7 ஷிலிங் அவர் பெற்றார். இக்கணக்கைத் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அக்கணக்கில் ஒரு சிறு துண்டுக் காகிதமும் ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஒரே ஒரு வரவு: செப்டெம்பர் 9 ஆம் தேதி கேவ் கொடுத்த 2 ஷிலிங் 6 பென்ஸ். அக்காலத்திற் கேவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், தாம் உணவருந்தாதவர் என்பதை ஓர் இலத்தீன் சொல்லாற் கையொப்பத்துடன் சேர்த்து எழுதியவர் அவர். பசியோடு இருந்தவர் இரண்டரை ஷிலிங்கையும் மறவாது பற்று எழுதினார். மற்றொருவரும் அதே நூலை மொழிபெயர்ப்பதாக அறிவித்தமையால் எழுந்த போட்டியில் இரு முயற்சிகளும் கைவிடப்பட்டன. நூல் நின்றது, கணக்கு நேராக இருந்தது, கேவின் நம்பிக்கையும் நிலைத்தது.

அந்நம்பிக்கையின் பயனாக வந்த வேலையே அவருடைய மனச்சாட்சிக்குச் சோதனையாயிற்று. பாராளுமன்ற விவாதங்களைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்று 1738 இல் தடை வந்தது. கேவ் அவற்றை 'லில்லிப்புத்து' என்னும் கற்பனை நாட்டு மன்றத்தின் விவாதங்களாக மாற்றி வெளியிட்டார். 1741 முதல் 1744 வரை வெளியானவற்றை எழுதியவர் ஜோன்சன். பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அவர் சென்றது ஒரே ஒரு முறைதான். யார் பேசினர், எந்தப் பக்கம் பேசினர் என்ற சிறு குறிப்புகள் வரும். சில வேளைகளில் அவையும் போதியனவாய் வாரா. அவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே முழுப் பேச்சுகளையும் அவர் ஆக்கினார். படித்தோர் அவற்றை உண்மைப் பேச்சுகளென்றே நம்பினர். அவ்வாறு நம்பப்படுவதை அறிந்தவுடன், பொய் பரவுவதற்குத் தாம் துணைபோகலாகாது என்று அவ்வேலையை நிறுத்தினார். 1784 இல் இறப்பதற்குச் சில நாட்களின் முன்னரும் அதற்காக வருந்தினார். ஆராய்ச்சி எழுத்தை நாடுவோர் இந்த இடத்திற் சற்றே நிற்கவேண்டும். குறிப்பு இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவது எளிது; இன்று கணினி ஒரு நொடியில் நிரப்பித் தருகிறது. படிப்பவர் அதை உண்மையென்று கொள்ளும்போது, பொறுப்பு எழுதியவரையே சாரும்.

மூன்றாவது விண்ணப்பம் 1746 ஏப்ரல் 30 ஆம் தேதியிட்டது. ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்கும் திட்டம் அது. எந்தச் சொற்களைக் கொள்வது, எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் எப்படிக் காட்டுவது, சொற்பிறப்பை எவ்வாறு ஆராய்வது, பொருளை எவ்வாறு விளக்குவது, எந்த ஆசிரியர்களின் மேற்கோள்களை எடுப்பது என்பன அதில் வரிசையாக ஆராயப்பட்டன. விண்ணப்பமே வேலையின் மாதிரியாக அமைந்தது. ஜூன் 18 இல் இலண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி அவருடன் ஒப்பந்தம் செய்தனர். ஊதியம் 1500 கினி, அதாவது 1575 பவுண்.

தொகை பெரிதுதான். ஆனால் காகிதச் செலவும், படியெடுக்க அமர்த்திய ஆறு உதவியாளரின் சம்பளமும் அதற்குள்ளேயே அடங்கின. கோவ் சதுக்கத்தில் வீடொன்றை எடுத்து, அதன் மேன்மாடத்தில் வேலை நடந்தது. நூல்களைப் படித்து, வேண்டிய சொற்களின் கீழ் அவர் கரிக்கோலாற் கோடிடுவார். உதவியாளர் அவ்வாக்கியங்களைத் துண்டுத் தாள்களிற் பெயர்த்தெழுதுவர். மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம் என்று எண்ணியது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளை விழுங்கியது. தாளின் இருபுறமும் எழுதிவிட்ட ஒரு பெரும் பகுதியை, அச்சுக் கோப்பவரின் வசதிக்காக ஒரு புறமாகத் திரும்ப எழுதுவிக்க 20 பவுண் செலவாயிற்று. இடையில், 1752 இல், மனைவி இறந்தார்.

42,000 இற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதி 1755 ஏப்ரல் 15 இல் வெளிவந்தது. புகழ் வந்தது, பணம் முன்னரே கரைந்து போயிருந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில், 5 பவுண் 18 ஷிலிங் கடனுக்காக அவர் கைதுசெய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் 6 கினி அனுப்பி மீட்டார். வேலையின் பருமனை அளந்தவர், அதற்குச் செல்லும் காலத்தை அளக்கத் தவறினார்.

இதனிடையே அவர் ஓர் இடத்தில் ஆதரவையும் நாடியிருந்தார். 1747 இல் அகராதித் திட்டத்தை அச்சிட்டுச் செஸ்டர்பீல்ட் பிரபுவை முன்னிலைப்படுத்தி வெளியிட்டார். பிரபு 10 பவுண் கொடுத்தார், பின்னர் மறந்தார். வேலை முடியும் தறுவாயிற் பாராட்டி எழுதியவரை, 1755 பெப்ரவரியில் எழுதிய கடிதத்தில் ஜோன்சன் மரியாதை குன்றாமல் மறுத்தார். ஒப்பந்தம் செய்த வியாபாரிகள் தவணை தோறும் பணம் கொடுத்தனர். புரவலரோ வாயிலிற் காத்திருக்க வைத்தார். வேலை கேட்பது இரத்தல் அன்று. கொடுப்பதற்கு ஒன்றை வைத்திருப்பவர் அதன் விலையைக் கேட்கிறார், அவ்வளவே.

இன்று தபாலுக்குப் பதில் மின்னஞ்சல் செல்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு தொலைதேசத்து நிறுவனமொன்றுக்கு எழுதித் தருவது இயல்கிறது. ஆயினும் விண்ணப்பத்தைப் பெறுபவர் மனத்தில் எழும் வினாக்கள் அவையேதாம். இவர் யார்? இதற்குமுன் எதைச் செய்திருக்கிறார்? நமக்கு வேண்டியதை அறிந்திருக்கிறாரா? எப்போது முடிப்பார்? என்ன கேட்கிறார்? இவ்வைந்துக்கும் ஒரு பக்கத்துள் விடை தந்து, தாமே எழுதிய மாதிரியொன்றை இணைப்பவர் பாதி வழியைக் கடந்தவராவர். நூலகத்துக்குச் செல்லும் செலவையும் திருத்தி எழுதும் நாட்களையும் சேர்த்தே ஊதியத்தைக் கணிக்கவேண்டும். எத்தனை தவணையில் எப்போது பணம் வரும் என்பதை வேலை தொடங்குமுன் எழுத்திற் பெறவேண்டும். பதிவுப் பணம், பயிற்சிப் பணம் என்று விண்ணப்பிப்பவரிடமே காசு கேட்பவர் வேலை கொடுப்பவர் அல்லர் என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

கோவ் சதுக்கத்து வீடு இன்றும் இலண்டனில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அகராதி உருவான மேன்மாடத்தைக் காணப் பலர் படியேறுகின்றனர். அந்த மாடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது பேரறிவு மாத்திரமன்று. மறைத்த பெயரை வெளியிட்டு எழுதிய ஒரு கடிதமும், இரண்டரை ஷிலிங்குக்கும் கணக்கு வைத்த ஒரு துண்டுக் காகிதமும் அவரை அங்கே ஏற்றிவிட்ட படிகளாகும்.