கழுதைத் தடமும் பீரங்கிச் சாலையும்



என் மேசைமேல் ஒரு பழைய ராணுவ வரைபடத்தின் அச்சுப்படி விரிந்து கிடக்கிறது. வியன்னாவில் இருந்த ராணுவப் புவியியல் கழகம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு வெளியிட்ட பெரிய வரிசையில் இது ஒரு தாள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்பது கணக்கு. ஊரும் சாலையும் கறுப்பில் இருக்கின்றன. தண்ணீர் நீலம், காடு பச்சை, மலைகள் பழுப்பு. மலை என்றால் இன்றைய வரைபடத்தில் காணும் வளைவுக் கோடுகள் அல்ல. சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாகவே இழுத்த மயிரிழைக் கோடுகள். சரிவு கூடக் கூடக் கோடு தடிக்கும். செங்குத்தான இடம் ஏறக்குறைய இருட்டிவிடும். சாக்சனி நாட்டு ராணுவ அதிகாரி லேமான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை இது. தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால், கம்பளிப் போர்வையைக் கசக்கிப் போட்டதுபோல் நிலம் எழுந்து நிற்கிறது.

தாளின் மேல் 38 என்று ஓர் எண். தீர்க்கரேகை எண் அது. ஆனால் இன்றைய கணக்கில் தேடினால் வேறு எங்கோ போய் நிற்போம். அந்நாளைய ஆஸ்திரியர்கள் கிரீனிச்சிலிருந்து எண்ணவில்லை. பழைய உலகத்தின் மேற்கு விளிம்பு என்று கருதப்பட்ட கேனரித் தீவுக் கூட்டத்தின் பெர்ரோ தீவிலிருந்து எண்ணினார்கள். 17 பாகை 40 கலையைக் கழித்தால் நம் கணக்கு வரும். அப்படிக் கழித்துப் பார்த்தால் நாம் நிற்பது அல்பேனியாவின் எல்பாசான் நகருக்கும் ஓஹ்ரித் ஏரிக்கும் நடுவில்.

இந்தத் தாளில் என்னைப் பிடித்து நிறுத்துவது மலையல்ல, சாலைகள்தான். எல்லாச் சாலையும் இங்கே ஒரே மாதிரி வரையப்படவில்லை. நன்றாகப் பராமரித்த கப்பிச்சாலைக்கு இரட்டைக் கோடு. வண்டி போகக்கூடிய மண்பாதைக்கு வேறு குறி. கோவேறு கழுதை மட்டுமே போகும் தடத்துக்கு விட்டு விட்டுப் போகும் ஒற்றைக் கோடு. கால்நடையாக மனிதன் மட்டும் ஏறும் வழிக்கு அதைவிட மெலிந்த ஒன்று. சுற்றுலாப் பயணிக்கு இவ்வளவு பிரிவினை தேவையில்லை. படைத்தலைவனுக்கு இதுதான் உயிர். ஆறு குதிரை பூட்டிய பீரங்கி இங்கே போகுமா, அல்லது பீரங்கியைக் கழற்றித் துண்டு துண்டாகக் கழுதை முதுகில் ஏற்றவேண்டுமா? இந்தக் கேள்விக்கு வரைபடம் தவறான பதில் சொன்னால், ஒரு படை கணவாயின் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும்.

இப்படிக் கேட்கும் பழக்கம் ஆஸ்திரியர்களுக்குப் பழையது. ஏழாண்டுப் போரில் பட்ட அடிக்குப் பிறகு, பேரரசி மரியா தெரசா தன் ஆட்சிப்பகுதி முழுவதையும் அளக்கச் சொன்னார். 1760-களில் தொடங்கிய வேலை, அவர் மகன் இரண்டாம் ஜோசப் காலத்தில், 1787-இல் முடிந்தது. தாள்கள் ஆயிரக்கணக்கில். அத்தனையும் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. அச்சிடவே இல்லை, ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். அந்தத் தாள்களோடு எழுத்துக் குறிப்புகளும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்து ஊர் எவ்வளவு தொலைவு, ஓடையை எங்கே இறங்கிக் கடக்கலாம், மழைக்குப் பிறகு சாலை என்ன ஆகும், எந்தக் கட்டடம் கல்லால் கட்டியது என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்கள். கல் கட்டடம் எதற்கு? குண்டு துளைக்காமல் உள்ளே ஒளிந்து சுடலாமே, அதற்கு. நோக்கம் கொடியதுதான். ஆனால் குரோவேஷிய எல்லைப்புறத்தின் ஒரு சிற்றூரில் மழைக்காலத்தில் வண்டி எந்த ஓடையில் புதையும் என்பதை அந்த நூற்றாண்டில் வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அரசர் வரலாறு எழுதியவர்களுக்கு அது கண்ணிலேயே படாத விஷயம்.

பால்கன் நாடுகளில் மலை கொடுத்த வழியில்தான் மனிதன் போக முடிந்தது. பால்கன் என்ற சொல்லே துருக்கி மொழியில் காடு படர்ந்த மலையைக் குறிப்பது. பெல்கிரேடிலிருந்து மொராவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கே இறங்கினால் நீஷ். அங்கே வழி பிரியும். ஒன்று வர்தார் ஆற்றோடு தெசலோனிக்கிக்குப் போகும். மற்றொன்று சோபியா, ப்ளோவ்திவ், எதிர்னே வழியாக இஸ்தான்புல்லுக்கு. இந்த இரண்டாவது வழியை ரோமானியர் படைச்சாலையாகப் போட்டார்கள். சிலுவைப்போர்ப் படைகள் அதே வழியில் கிழக்கே போயின. சுல்தான் சுலைமானின் படை அதே வழியில் எதிர்த்திசையில் வந்து 1529-இல் வியன்னா வாசலில் நின்றது. இன்றும் ஐரோப்பாவிலிருந்து துருக்கிக்குப் போகும் லாரிகள் அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் ஓடுகின்றன. இஸ்தான்புல்லின் பழைய பெயர் கான்ஸ்டான்டினோப்பிள்; ஸ்லாவ் மக்கள் அதைப் பேரரசரின் நகரம் என்ற பொருளில் சாரிகிராத் என்பார்கள். சோபியாவின் பெரிய சாலைக்கு இன்றும் சாரிகிராத் சாலை என்றுதான் பெயர். 1877-இல், ரஷ்யாவும் துருக்கியும் மோதிய அதே ஆண்டில், கான்ஸ்டன்டின் யிரேச்செக் என்ற இளம் வரலாற்றாசிரியர் இந்தப் படைவழியைப் பற்றியே ஒரு நூல் எழுதி பிராகாவில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

உதுமானியர் ஆட்சியில் இந்தச் சாலைகளில் தூரத்தை மைலால் எண்ணவில்லை, மணியால் எண்ணினார்கள். அடுத்த ஊர் ஆறு மணி, அதற்கடுத்தது நான்கு மணி. மலைநாட்டில் அதுதான் நேர்மையான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கத் தூதர்கள் குதிரை மாற்றும் நிலையத்துக்கு மென்ஸில் என்று பெயர். இறங்கித் தங்கும் இடம் என்று பொருள்படும் அரபுச் சொல். தமிழ்நாட்டில் முஸ்லிம் வீடுகளின் வாசலில் மன்ஸில் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சொல்தான். ஓர் இடத்தில் குதிரை மாற்றும் லாயமாகவும், இன்னோர் இடத்தில் ஆசையாகக் கட்டிய வீட்டின் பெயராகவும் வந்து தங்கியிருக்கிறது.

கணவாய்களைக் காக்கும் பொறுப்பு மலைச் சிற்றூர்களுக்கு. அதற்கு ஈடாக அவர்களுக்கு வரியில் சலுகை உண்டு. கொள்ளையர் இல்லை, வரலாம் என்பதற்கு அடையாளமாக அவர்கள் முரசு தட்டுவார்களாம். இருட்டும் நேரத்தில், காட்டுக்குள், முன்னால் எங்கிருந்தோ அந்தச் சத்தம் கேட்டபோது பொதி வணிகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் தாளுக்குத் திரும்புகிறேன். எல்பாசானிலிருந்து ஷ்கும்பின் ஆற்றை ஒட்டி ஒரு கோடு கிழக்கே ஏறுகிறது. வழி நெடுக, பொடி எழுத்தில் ஹான், ஹான் என்று குறித்திருக்கிறது. ஹான் என்றால் சத்திரம். மனிதனுக்கு ஒரு திண்ணை, விலங்குக்கு ஒரு தொழுவம், நடுவில் ஒரு கிணறு. பெரும்பாலானவை இன்று இல்லை. இந்தக் கோடுதான் வியா எக்னாத்தியா. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இன்றைய துர்ரஸில் தொடங்கி, ஓஹ்ரித், பிட்டோலா, தெசலோனிக்கி வழியாக, கடைசியில் பைசாந்தியம் (இன்றைய இஸ்தான்புல்) வரை சுமார் 1,100 கிலோமீட்டர் போன ரோமானியச் சாலை. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் போட்டது. அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தவர்களுக்கு இதன் ஒரு பகுதி ஏற்கெனவே பழக்கம். நெயாப்போலியில் கரையிறங்கிய பவுல், பிலிப்பிக்கும் பிறகு அம்பிபோலி, அப்பொலோனியா ஊர்களைக் கடந்து தெசலோனிக்கேவுக்கும் போனது இந்தச் சாலை வழியாகத்தான்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது நீண்டகாலம் புதிராக இருந்தது. இத்தாலியில் எக்னாத்தியா என்றே ஓர் ஊர் இருந்ததால், அதிலிருந்து வந்திருக்கும் என்று பலர் நினைத்தார்கள். 1970-களில் தெசலோனிக்கிக்கு அருகே கல்லிக்கோஸ் ஆற்றுப் பக்கத்தில் ஒரு மைல்கல் கிடைத்தது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்த கல். அதில் 260 என்ற எண்ணும் நேயஸ் எக்னாத்தியஸ் என்ற பெயரும் இருந்தன. மக்கெதோனியாவை ஆண்ட ரோமானிய ஆளுநர் அவர். ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து 260 ரோமானிய மைல், அதாவது சுமார் 385 கிலோமீட்டர். ஆளுநரைப் பற்றி வேறு அதிகமாக எதுவும் தெரியாது. சாலையின் பெயராகவே மிஞ்சியிருக்கிறார்.

அந்தச் சாலையின் மேல் பிற்காலத்தில் உதுமானியர் பாவிய கற்களை இன்றும் மலைப்பகுதிகளில் மிதிக்கலாம். செர்பியர் கல்த்ர்மா என்பார்கள், கிரேக்கர் கல்தெரிமி என்பார்கள். இரண்டு ஓரத்திலும் பெரிய கல், நடுவில் முதுகெலும்புபோல் இன்னொரு பெரிய கல்வரிசை, இடையில் கையில் அள்ளக்கூடிய சிறுகற்கள். மழைநீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். லாடம் பட்டுப் பட்டுக் கற்கள் வழவழப்பாகிக் கிடக்கும். வண்டிக்கு அந்தப் பாதை சித்திரவதை. கழுதைக்கோ காலூன்ற நல்ல பிடி. ஆஸ்திரிய வரைபடம் இவற்றில் பலவற்றை விட்டு விட்டுப் போகும் கோடாகத்தான் காட்டும். பீரங்கிக்கு உதவாத வழிகள் அல்லவா? ஆனால் மக்கள் வாழ்ந்த வழிகள் அவைதான். உப்பும் கம்பளியும் பாலாடைக்கட்டியும் போனது அதில். கோடையில் மலைக்கும் குளிரில் கடற்கரைக்கும் ஆட்டுக் கிடைகள் ஏறி இறங்கியது அதில். ஒரு பெண் கல்யாணமாகி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனதும் அதில். ராணுவத்துக்கு வேண்டாத அந்த மெல்லிய கோடுகளைப் பார்க்கத்தான் இந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

இவற்றில் பலவற்றை 20-ஆம் நூற்றாண்டு அறுத்தது. பல்கேரியாவின் கர்ஜாலிக்கும் கிரேக்கத்தின் கொமோத்தினிக்கும் நடுவே ரொடோபி மலையில் மகாசா என்று ஒரு கணவாய். வடக்கிலிருந்து எக்னாத்தியாவுக்கு இறங்கும் பழைய வழி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் எல்லை மூடப்பட்டது. மலை அங்கேயே இருந்தது, கணவாய் அங்கேயே இருந்தது, போகத்தான் ஆளில்லை. 2013 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். ஒரு தலைமுறை முழுவதும் பக்கத்து ஊரைப் பார்க்காமலே முடிந்துபோனது. வடக்கே தன்யூப் ஆற்றில் வேறுவிதமான இழப்பு. ரோமானியப் பேரரசர் டிராஜன் பாறையைக் குடைந்து போட்ட சாலை, 1972-இல் முடிந்த இரும்புவாயில் அணையின் நீரில் மூழ்கிவிட்டது. கி.பி. 100-இல் அவர் பொறித்த கல்வெட்டை மட்டும் பாறையோடு வெட்டி மேலே ஏற்றி வைத்தார்கள். படகில் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். அது எந்தச் சாலைக்காகப் பொறிக்கப்பட்டதோ அந்தச் சாலை படகுக்குக் கீழே கிடக்கிறது.

கடைசியாக ஒரு சாலை. அந்நாளைய வரைபடங்களில் மொனஸ்தீர் என்று குறித்த ஊர்தான் இன்றைய பிட்டோலா. தெசலோனிக்கியிலிருந்து அங்கே போகும் வழி, பெரும்பகுதி எக்னாத்தியாவின் தடத்திலேயே போவது. 1915 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தெசலோனிக்கியில் இறங்கியபோது, உள்நாட்டுக்குப் போக உருப்படியான சாலை என்று வரைபடத்தில் இருந்தவை மிகச் சில: மேற்கே மொனஸ்தீர் சாலை, வடகிழக்கே செரெஸ் சாலை. காளை வண்டிக்குப் போட்ட சாலைகள். லாரிகள் ஓடத் தொடங்கியதும் குழம்பாகிப் போயின. கல் உடைத்துக் கொட்டுவது நாள்தோறும் நடந்தது. ஊர் மக்களையும் கூலிக்கு எடுத்தார்கள். சாலை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில் லாரி நின்றுவிடும். அங்கிருந்து போர்முனைக்கு ரொட்டியும் தோட்டாவும் தண்ணீரும் ஏறியது கோவேறு கழுதையின் முதுகில். வரைபடத்தின் விட்டு விட்டுப் போகும் கோட்டுக்கு அந்த மூன்று ஆண்டுகளில் திடீரென்று மதிப்பு வந்தது.

அந்தக் கழுதைகளை நடத்தியவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். இந்தியக் கோவேறு கழுதைப் படைப்பிரிவுகள் என்று அவர்களுடைய பிரிவுகளுக்குப் பெயர். துப்பாக்கி ஏந்திப் புகழ் பெற்றவர்கள் அல்ல. விடிவதற்குள் மேலே ஏறி, விலங்கின் வாரைச் சரிபார்த்து, பொதியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள். குளிரும் மலேரியாவும் குண்டுக்குச் சமமாக ஆள் எடுத்த போர்முனை அது. அவர்களில் இறந்தவர்கள் பலருக்கு தெசலோனிக்கியில் ஓர் இடம் இருக்கிறது. முஸ்லிம்களைப் புதைத்தார்கள், இந்து, சீக்கிய மரபுப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். அந்த இடத்தின் பெயர், மொனஸ்தீர் சாலை இந்தியர் கல்லறை.